விடுதலைக்கு நாள் குறிப்பது யார்?

செப்டம்பர் 15 நெருங்கினால் காவிரிப் படுகையின் சில வீடுகளில் ஒரு கணக்கு ஓடத் தொடங்கும். உள்ளே போய் எத்தனை ஆண்டு ஆயிற்று, இந்த முறை அரசாணை வருமா, வந்தால் எத்தனை ஆண்டு முடித்தவர்களுக்கு வரும் என்கிற கணக்கு. ஆயுள் தண்டனைக் கைதிகளின் குடும்பங்கள் அவை. அண்ணா பிறந்தநாளையொட்டிக் கைதிகளை விடுவிப்பது தமிழ்நாட்டில் நெடுநாள் வழக்கம். 2008இல் அண்ணா நூற்றாண்டுக்காக, ஏழு ஆண்டு முடித்த ஆயுள் கைதிகள் 1,405 பேரை கருணாநிதி அரசு விடுவித்தது. 2018இல் எம்.ஜி.ஆர். நூற்றாண்டு, எடப்பாடி பழனிசாமி அரசு பத்து ஆண்டு முடித்தவர்களை விடுவிக்க ஆணையிட்டது. 2021 செப்டம்பரில், அண்ணாவின் 113ஆவது பிறந்தநாளையொட்டி 700 ஆயுள் கைதிகள் விடுவிக்கப்படுவார்கள் என்று முதல்வர் மு.க.ஸ்டாலின் சட்டப்பேரவையில் அறிவித்தார்.

2008இல் ஏழு, 2018இல் பத்து. இந்த எண்கள் எங்கிருந்து வந்தன? ஏழாண்டில் திருந்துகிறவர்கள், பத்தாண்டில் திருந்துகிறவர்கள் என்று எந்த ஆய்வும் வகைபிரித்துச் சொல்லவில்லை. 2001இல் சிறைக்குப் போனவர் ஏழு ஆண்டில் வீடு திரும்ப, அதே மாதிரிக் குற்றத்துக்கு 2002இல் போனவர் சில மாத வித்தியாசத்தில் வரம்பைத் தவறவிட்டுப் பதினான்கு ஆண்டு வரை காத்துக்கிடக்க நேரிடலாம். மரண தண்டனைக்கும் உரிய குற்றங்களுக்கு ஆயுள் தண்டனை பெற்றவர்கள் 14 ஆண்டு முடிக்காமல் வெளியே வரக் கூடாது என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 1978இல் 433ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்த புதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் 475ஆவது பிரிவாக அது தொடர்கிறது. அந்தத் தடையைத் தாண்டுவதற்காகவே அரசமைப்பின் 161ஆவது கூறு ஆளுநருக்குத் தரும் அதிகாரத்தை அரசுகள் இத்தகைய ஆணைகளுக்குப் பயன்படுத்துகின்றன. அதிகாரம் இருப்பதில் ஐயமில்லை. ஒவ்வொரு மனிதரையும் தனியே எடைபோடத் தரப்பட்ட அதிகாரத்தை, நாட்காட்டியைப் பார்த்து மொத்தமாகச் செலவழிப்பதில்தான் கோளாறு இருக்கிறது.

அரசியல் விவாதமோ இந்தக் கோளாற்றைத் தொடுவதே இல்லை. ஆளுங்கட்சி விடுவித்தால் சட்டம் ஒழுங்கு கெட்டது என்று எதிர்க்கட்சி குரல் கொடுக்கும். இடம் மாறி உட்கார்ந்ததும் வசனமும் இடம் மாறிக்கொள்ளும். 2023 அக்டோபரில் நீண்டகால முஸ்லிம் சிறைவாசிகளின் விடுதலை பற்றிப் பேரவையில் அ.தி.மு.க. கவன ஈர்ப்புத் தீர்மானம் கொண்டுவந்தது. முன்னாள் நீதிபதி ஆதிநாதன் குழுவின் பரிந்துரையை ஏற்று 49 பேரின் கோப்புகளை ஆகஸ்டிலேயே ஆளுநருக்கு அனுப்பிவிட்டோம் என்றது அரசு. உங்கள் ஆட்சியில் எத்தனை பேர், எங்கள் ஆட்சியில் எத்தனை பேர் என்கிற அளவிலேயே வாதம் முடிந்தது. விடுவிக்கப்படுகிறவர் எந்த ஊருக்குப் போவார், அங்கே யார் இருக்கிறார்கள், என்ன வேலை செய்வார், கொலையுண்டவரின் வீடு எத்தனை தெரு தள்ளி இருக்கிறது என்றெல்லாம் கேட்பவர் இல்லை. இவற்றைக் கேட்டு எழுத வேண்டிய ஓர் அரசு ஊழியர் இருக்கிறார். நன்னடத்தை அலுவலர் என்று பெயர். கைதிகளை எப்போது விடுவது என்ற விவாதம் அவருடைய அறிக்கையிலிருந்து தொடங்க வேண்டும். அந்த அறிக்கையை நம்பத்தக்கதாக ஆக்கப் பணம் செலவழிக்க வேண்டும். என் வாதம் அவ்வளவுதான்.

உச்ச நீதிமன்றம் 2000இல் லட்சுமண் நஸ்கர் வழக்கில், முன்விடுதலைக்கு எவற்றைப் பார்க்க வேண்டும் என்று வகுத்துச் சொன்னது. குற்றம் சமூகத்தையே பாதிக்கும் தன்மையதா, மீண்டும் குற்றம் செய்ய வாய்ப்பு உண்டா, குற்றம் செய்யும் ஆற்றலை இழந்துவிட்டாரா, இனியும் அடைத்துவைப்பதால் ஏதாவது பயன் உண்டா, குடும்பத்தின் பொருளாதார நிலை என்ன என்பவை அவை. இவற்றில் பாதிக்கு மேற்பட்ட கேள்விகளுக்குச் சிறைச்சுவருக்கு உள்ளே விடை கிடையாது. திருச்சி மத்திய சிறையில் ஒருவர் பத்தாண்டு ஒழுங்காக நெசவு செய்தார், சண்டைக்குப் போகவில்லை என்பது நல்ல செய்திதான். ஆனால் வரப்புத் தகராறில் பங்காளியை வெட்டிவிட்டு உள்ளே போனவருக்கு அந்த வரப்பு இன்னும் தகராறில்தான் இருக்கிறதா, பாகப்பிரிவினை முடிந்து நிலம் கைமாறிவிட்டதா என்பது ஒரத்தநாட்டிலோ நீடாமங்கலத்திலோ போய்க் கேட்டால்தான் தெரியும். டெல்டாவில் ரத்தம் சிந்திய தகராறுகளில் பல தண்ணீரையும் நிலத்தையும் சாதியையும் குடியையும் சுற்றியவை. முறைக்குத் தண்ணீர் விடுவதில் மூண்ட பகைக்கு வயது ஏற ஏற வேகம் குறையலாம். குடும்ப மானம் என்று சொல்லிச் செய்த கொலைக்குப் பின்னால் நிற்கும் ஊர் அப்படியே இருக்கலாம். முன்னவரை எட்டாம் ஆண்டில் விடலாம் என்றும் பின்னவரைப் பதினைந்தாம் ஆண்டிலும் விடக் கூடாது என்றும் ஓர் அறிக்கை சொல்லக்கூடும். ஒரே வரம்பை எல்லோருக்கும் வைக்கும் அரசாணைக்கு இந்த வேறுபாடு கண்ணில் படாது. விலக்கப்பட்ட குற்றங்கள் என்று ஒரு பட்டியல் ஆணையில் இருக்கும். அது சட்டப் பிரிவு எண்களின் பட்டியல். 302க்குள் அடங்கியிருக்கும் நூறு விதமான கொலைகளை அது பிரித்துப் பார்ப்பதில்லை.

இந்த யோசனை மேல்நாட்டிலிருந்து இப்போது இறக்குமதியாகும் சரக்கு என்று யாராவது நினைத்தால், தஞ்சாவூர்ச் சரித்திரமே அதை மறுக்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இளங்குற்றவாளிகளுக்கான தனிச்சிறை தஞ்சாவூரில் இருந்தது. வயதில் மூத்த கைதிகளோடு சேர்க்காமல், படிப்பும் கைத்தொழிலும் கற்பித்து அனுப்பும் பார்ஸ்டல் முறையை இந்தியாவில் பரிசோதித்துப் பார்த்த இடங்களில் ஒன்று அது. 1919-20இல் நாடு முழுதும் சிறைகளை ஆராய்ந்த இந்தியச் சிறைக் குழுவின் கவனத்துக்கும் அது வந்தது. அதையொட்டிய ஆண்டுகளில் சென்னை மாகாணம் வரிசையாகச் சட்டங்கள் செய்தது. 1920இல் குழந்தைகள் சட்டம், 1926இல் பார்ஸ்டல் பள்ளிகள் சட்டம், 1937இல் நன்னடத்தைச் சட்டம். குற்றவாளியைச் சிறைக்கு அனுப்பாமல் ஓர் அலுவலரின் மேற்பார்வையில் ஊரிலேயே விட்டுவைக்கும் ஏற்பாட்டை இந்திய அரசு நாடு முழுமைக்கும் சட்டமாக்கியது 1958இல்தான். ஒரு தலைமுறை முன்னால் நடந்த மாகாணம், சட்டத்தை எழுதிவிட்டு ஆளை நியமிப்பதில் தேங்கிப்போயிற்று. இன்றைக்கும் சிறைத்துறை பற்றிய அறிவிப்புகளில் செய்தியாவது புதிய கட்டடம், கண்காணிப்புக் கேமரா, அலைபேசியை முடக்கும் கருவி. நன்னடத்தைப் பிரிவுக்கு இத்தனை புதிய பணியிடங்கள் என்று தலைப்புச் செய்தி வந்ததில்லை.

செலவுக் கணக்கைப் பார்க்கலாம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் சிறைப் புள்ளிவிவரத்தின்படி, கைதிகளுக்கென்று செலவாகும் பணத்தில் பாதியும் அதற்கு மேலும் சாப்பாட்டுக்குப் போகிறது. படிப்புக்கும் தொழிற்பயிற்சிக்கும் நூற்றுக்கு ஒன்றிரண்டு ரூபாய் தேறினால் அதிகம். சோற்றைக் குறைக்கச் சொல்லவில்லை. தமிழ்நாட்டுச் சிறைகள் சாப்பாட்டிலும் இடவசதியிலும் வடமாநிலங்களைவிட எவ்வளவோ மேல். இந்தியச் சிறைகள் 2022இல் நூறு பேருக்கான இடத்தில் 131 பேரை அடைத்திருந்தபோது, தமிழ்நாட்டுச் சிறைகளில் கொள்ளளவுக்குக் குறைவாகவே ஆட்கள் இருந்தார்கள். நெரிசல் இல்லாத மாநிலம் திருத்தும் பணியில் மற்றவர்களைவிட வெகுதூரம் முன்னால் இருக்கலாமே என்பதுதான் கேள்வி.

டெல்டாக்காரர்களுக்கு அந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. இருபத்தைந்து வயதில் சிறைக்குப் போன ஒரு விவசாயக் கூலி அறிந்துவைத்திருந்த வேலை நாற்றுப் பறிப்பது, கட்டுத் தூக்குவது, கதிர் அறுப்பது. பன்னிரண்டு ஆண்டு கழித்து அவர் திரும்பி வரும்போது அந்த வேலைகளைப் பெரும்பாலும் இயந்திரம் எடுத்துக்கொண்டுவிட்டது. அறுவடைக்குப் பெல்ட் வண்டி வருகிறது. நடவுக்கு இயந்திரம் வருகிறது, இல்லையென்றால் நேரடி விதைப்பு. வெளி மாநிலத்திலிருந்து நடவு ஆட்களும் வருகிறார்கள். கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்கலாமென்றால் அங்கே ஏற்கெனவே ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். அறுவடை இயந்திரத்தை ஓட்டவும் பழுதுபார்க்கவும் தெரிந்தவருக்கோ சம்பாவிலும் குறுவையிலும் நல்ல கூலி உண்டு. திருச்சி மத்திய சிறைக்கு விளைநிலம் இருக்கிறது, உள்ளேயே ஒரு தொழிற்பயிற்சி நிலையமும் நடக்கிறது. அறுபது கிலோமீட்டருக்கு உள்ளடங்கிய தஞ்சாவூரில் உணவுப் பதப்படுத்தலுக்கென்றே மத்திய அரசின் நிறுவனம் இருக்கிறது. நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி நிலையமாகத் தொடங்கி வளர்ந்தது அது. ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இவற்றையெல்லாம் ஒரு நூலில் கோத்து, விடுதலைக்கு இரண்டாண்டு இருக்கும் கைதிக்கு இயந்திர நடவு, அறுவடை இயந்திரப் பராமரிப்பு, நவீன அரிசி ஆலை வேலை என்று பயிற்சி கொடுப்பதற்குப் புதிய சிறைத் தொகுதி ஒன்றைக் கட்டும் அளவுக்குப் பணம் தேவைப்படாது. சிறைத்துறை ‘ஃப்ரீடம்’ என்ற பெயரில் அங்காடியும் பெட்ரோல் பங்க்கும் நடத்துவது பாராட்டத்தக்கது. ஆனால் வேதாரண்யத்துக்குத் திரும்பிப் போகிறவருக்குப் பெட்ரோல் போட்ட அனுபவம் எத்தனை நாள் சோறு போடும்?

வேலையைவிட முக்கியமானது அறுபடாத உறவு. இதைத் தமிழ்நாட்டு விதிகள் நன்றாகவே புரிந்துவைத்திருந்தன. 1982ஆம் ஆண்டின் தண்டனை நிறுத்திவைப்பு விதிகள் கைதிக்குச் சாதாரண விடுப்பு வழங்கத்தக்க காரணங்களைச் சொல்கின்றன. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது, வீட்டைச் செப்பனிடுவது, மகள் கல்யாணம் ஆகியவற்றோடு விதைப்பும் அறுவடையும் அவற்றில் சேரும். ஜூன் 12இல் மேட்டூர் திறந்தால் ஒரு குறுநில விவசாயியின் குடும்பத்துக்கு ஆண் துணை எப்போது தேவைப்படும் என்பதை அறிந்த யாரோ எழுதிய விதி என்றே தோன்றுகிறது. இந்த விடுப்புகளுக்கும் அடிப்படை நன்னடத்தை அலுவலரின் அறிக்கைதான். அது தாமதித்தால் நடவு முடிந்த பிறகு ஆணை வரும். வழிக்காவல் போலீஸாரோடு வந்து, அவர்கள் வாசலில் உட்கார்ந்திருக்க, ஊர் வேடிக்கை பார்க்க வயலில் இறங்குகிறவருக்கு அந்த விடுப்பால் என்ன மிஞ்சும்? விடுப்பில் போய் நேரத்துக்குத் திரும்பி வந்த ஒவ்வொரு முறையும் அந்த மனிதரைப் பற்றிய ஒரு சான்று. ஐந்தாறு விடுப்புகளைச் சிக்கலின்றிக் கழித்தவர் வெளியே எப்படி நடந்துகொள்வார் என்று ஊகிக்கப் பிறந்தநாள் அரசாணையைவிட இதில் எவ்வளவோ அதிக ஆதாரம் இருக்கிறது.

இனி எதிர்வாதங்கள். முதலாவது, பாதிக்கப்பட்டவர்களின் பக்கத்திலிருந்து எழுவது. தஞ்சை மாவட்டத்தில் அதற்குக் கனம் அதிகம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் கருகினார்கள். தஞ்சாவூர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2014 ஜூலை 30. பத்துப் பேர் குற்றவாளிகள். பள்ளி நிறுவனருக்கு ஆயுள் தண்டனை. 2017 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம், முதுமையைக் கருத்தில் கொண்டு, நிறுவனர் ஏற்கெனவே சிறையில் இருந்த காலமே போதும் என்று தண்டனையைக் குறைத்தது. ஏழு பேரை விடுவித்தது. பெற்றோர்களின் கொதிப்பை யாரும் குறைசொல்ல முடியாது. அவர்களிடம் போய் மறுவாழ்வு பற்றிப் பேசுகிறவனுக்கு நா எழாது. ஆனால் அந்த வழக்கு காட்டிய உண்மையான காயம் எது? பத்து ஆண்டு நீதிமன்ற வாசலில் காத்திருந்ததும், கடைசியில் தங்களைக் கேட்காமலே எல்லாம் முடிந்துபோன உணர்வும்தான். நான் கேட்கும் மதிப்பீட்டு முறையில் பாதிக்கப்பட்ட குடும்பத்தின் வாக்குமூலத்துக்கு எழுதப்பட்ட இடம் உண்டு. அவர்கள் வேண்டாம் என்றால் விடுதலை இல்லை என்பதல்ல. அவர்களுடைய அச்சத்தைக் கேட்டு, அதற்கு நிபந்தனை விதித்து, காரணத்தை ஆணையில் எழுத வேண்டும். பிறந்தநாள் ஆணையில் அவர்களுக்கு எந்த இடமும் இல்லை. விடுதலையானவரைத் தெருவில் பார்த்துத்தான் சேதி தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும்.

இரண்டாவது எதிர்வாதம் இன்னும் கடினமானது. மறுவாழ்வு, கருணை என்றெல்லாம் பேசினால் கடைசியில் ஆதாயம் அடைவது செல்வாக்கு உள்ளவன்தானே என்பது அது. கீழவெண்மணியின் நினைவு உள்ள மண்ணில் இந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. 1968 டிசம்பர் 25 அன்று அன்றைய தஞ்சை மாவட்டத்தில் 44 பேர் குடிசைக்குள் எரிந்து செத்தார்கள். கீழமை நீதிமன்றம் பத்தாண்டுச் சிறை விதித்த நிலவுடைமையாளரை உயர் நீதிமன்றம் விடுவித்தது. சட்டத்தின் கருணை எந்தத் திசையில் பாயும் என்பதை டெல்டாவின் கூலி விவசாயிகள் அனுபவத்தில் அறிந்தவர்கள். மேலவளவு இன்னொரு பாடம். 1997இல் ஊராட்சித் தலைவர் முருகேசனும் மற்ற ஐவரும் வெட்டிக் கொல்லப்பட்ட வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றவர்களில் மூவர் 2008இல் அண்ணா பெயரால் வெளியே வந்தார்கள். 13 பேர் 2019 நவம்பரில் எம்.ஜி.ஆர். பெயரால் வெளியே வந்தார்கள். ஒரு தலித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டதற்காக நடந்த கொலை, ‘குற்றம் சமூகத்தையே பாதிக்கும் தன்மையதா’ என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை தரும் வழக்கு அரிது. விடுதலையை எதிர்த்து உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்குப் போட வேண்டி வந்தது. மேலவளவு நடந்தது மறுவாழ்வுக் கொள்கையினால் என்று சொல்வது தவறு. தனித்தனி மதிப்பீடு இல்லாததால், நாளையும் வரம்பையும் பார்த்து மொத்தமாகத் திறந்ததால் நடந்தது அது.

ஆனாலும் அந்த எதிர்வாதத்தில் ஒரு மிச்சம் இருக்கிறது. நன்னடத்தை அலுவலரும் இதே சமூகத்தைச் சேர்ந்தவர்தானே, ஊர்ப் பெரிய மனிதர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அறிக்கை எழுத மாட்டாரா? எழுதக்கூடும். ‘ஊரில் எதிர்ப்பு இருக்கிறது’ என்ற ஒற்றை வரியால் ஓர் ஏழைக் கைதியின் விடுப்பு நிராகரிக்கப்படலாம். எந்த ஊர், யாருடைய எதிர்ப்பு என்று அந்த வரி சொல்லாது. சிறைக்குள்ளேயே சாதி பார்த்து வேலை பிரிப்பதையும் பிரித்து அடைப்பதையும் உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபர் 3 அன்று சுகன்யா சாந்தா வழக்கில் தடை செய்தபோது, பாளையங்கோட்டைச் சிறையும் தீர்ப்பில் இடம்பெற்றது. ஆகவே அறிக்கை காரணங்களோடு எழுதப்பட வேண்டும், அதன் நகல் கைதிக்கும் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கும் கிடைக்க வேண்டும், மறுக்கப்பட்டால் நீதிமன்றத்தில் கேள்வி கேட்க வழி வேண்டும். காரணம் எழுதிய ஆணையைத்தான் நீதிமன்றம் சோதிக்க முடியும். பில்கிஸ் பானு வழக்கில் குஜராத் அரசு 11 பேரை விடுவித்ததை 2024 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததும் விடுதலை ஆணையைத் துருவிப் பார்க்க முடிந்ததால்தான்.

மூன்றாவது, பயம் விட்டுப்போகும் என்ற வாதம். மேடையில் நன்றாக எடுபடும் வாதம் இது. நீண்ட தண்டனைகளை உலகிலேயே அதிகமாகப் பரிசோதித்த நாடு அமெரிக்கா. அங்கே தேசிய ஆராய்ச்சிக் குழு 2014இல் வெளியிட்ட பெரிய அறிக்கை, ஏற்கெனவே நீளமான தண்டனையை மேலும் நீட்டுவதால் கிடைக்கும் கூடுதல் அச்சம் மிகச் சொற்பம் என்றது. பிடிபடுவோம் என்ற நிச்சயமே ஆளைத் தடுக்கிறது. பதினான்கா இருபதா என்று கணக்குப் போட்டு அரிவாளை எடுப்பவர் இல்லை. நம் பகுதியில் நிச்சயமும் வேகமும் எப்படி இருக்கின்றன? சிலைக் கடத்தல் வழக்கில் 2011இல் ஜெர்மனியில் பிடிபட்டு 2012இல் இங்கே கொண்டுவரப்பட்ட சுபாஷ் கபூருக்குக் கும்பகோணம் நீதிமன்றம் பத்தாண்டுச் சிறை விதித்தது 2022 நவம்பர் 1 அன்று. தீர்ப்பு வந்த நாளில் தண்டனைக் காலம் காவலிலேயே கழிந்திருந்தது. இந்த லட்சணத்தில் தண்டனையை இன்னும் ஐந்தாண்டு கூட்டினால் யார் பயப்படப் போகிறார்கள்? மிகக் கொடிய குற்றங்களுக்கு இருபது, முப்பது ஆண்டு குறைப்பே இல்லாத சிறை விதிக்க உயர் நீதிமன்றங்களுக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் வழி இருக்கிறது. 2015இல் ஸ்ரீஹரன் வழக்கில், ராஜீவ் கொலை வழக்குக் கைதிகளின் விடுதலையை ஒட்டியே, அரசியல் சாசன அமர்வு அதை உறுதிப்படுத்தியது. அந்தக் கதவு அப்படியே இருக்கட்டும்.

கடைசியாகப் பணம். அலுவலர்களை நியமிக்க நிதி எங்கே என்று நிதித்துறை கேட்கும். விசாரணையே இல்லாமல் ஓராண்டு வரை அடைத்துவைக்கும் குண்டர் தடுப்புச் சட்டத்துக்கு மட்டும் அந்தக் கேள்வி எழுவதில்லை. 2021ஆம் ஆண்டுச் சிறைப் புள்ளிவிவரத்தில் நாட்டின் தடுப்புக்காவல் கைதிகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் தமிழ்நாட்டில் இருந்தார்கள். மனுவைப் பரிசீலிக்கத் தாமதம், தராத ஆவணம் என்று காரணம் காட்டி அந்த ஆணைகளை உயர் நீதிமன்றம் ரத்து செய்வது அன்றாடக் காட்சி. அதுவரை ஆன சாப்பாடு, காவல், அரசு வழக்கறிஞர் செலவு எல்லாம் ஆற்றில் கரைத்த புளி. கிளைச் சிறைகளில் ஜாமீன்தாரர் கிடைக்காமல் கிடப்பவர்களையும் இதே கணக்கில் சேர்க்க வேண்டும். 2022இல் இந்தியக் கைதிகளில் நூற்றுக்கு 75.8 பேர் விசாரணைக் கைதிகள். முதல் முறை குற்றம்சாட்டப்பட்டவர் உச்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டால் விட வேண்டும் என்று நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆவது பிரிவு சொல்கிறது. கொடுங்குற்றங்களுக்கு அது பொருந்தாது. 2024 ஜூலை 1 முதல், ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைவான முதல் திருட்டு உட்படச் சில சிறு குற்றங்களுக்குச் சமூக சேவையும் தண்டனையாக விதிக்கலாம். பட்டுக்கோட்டையில் மோட்டார் வயரைத் திருடி மாட்டிக்கொண்ட இருபது வயதுப் பையனை வடிகால் வாய்க்கால் தூர்வாரும் வேலைக்கு அனுப்ப நீதிபதி விரும்பலாம். அவன் வேலைக்கு வந்தானா என்று பார்த்துச் சொல்ல ஆள் இல்லாவிட்டால் பழையபடி சிறைக்கே அனுப்புவார். அதைச் செய்யவும் நன்னடத்தை அலுவலர்தான் வேண்டும்.

அவகாசமும் அதிகம் இல்லை. 2025 பிப்ரவரி 18 அன்று உச்ச நீதிமன்றம், தண்டனைக் குறைப்புக் கொள்கை உள்ள மாநிலங்கள் தகுதி பெற்ற ஒவ்வொரு கைதியையும் அவர் மனுப்போடாமலே பரிசீலிக்க வேண்டும், மறுத்தால் காரணம் எழுத வேண்டும் என்று உத்தரவிட்டது. கோப்புகள் இனி செப்டம்பருக்காகக் காத்திருக்காமல் ஆண்டு முழுதும் முதிர்ந்துகொண்டே வரும். ஒவ்வொன்றுக்கும் ஊருக்குப் போய், இரு தரப்பையும் பார்த்து, பத்துப் பக்கம் எழுத ஆள் வேண்டும். ஓர் அலுவலருக்கு இத்தனை வழக்குக்கு மேல் கூடாது என்ற உச்சவரம்பை உள்துறை வகுக்கட்டும். அதற்கேற்ற பணியிடங்களை அடுத்த மானியக் கோரிக்கையில் தனித் தலைப்பில் காட்டட்டும். விடுதலையானவர்களில் எத்தனை பேர் மீது ஐந்து ஆண்டுக்குள் மறுபடி வழக்குப் பதிவானது என்பதைச் சிறைவாரியாக ஆண்டுதோறும் பேரவையில் வைக்கட்டும். அந்த எண்ணிக்கை கையில் இருந்தால் எத்தனை பேரை விட்டீர்கள் என்று எதிர்க்கட்சி கேட்கும்போது, விட்டவர்கள் என்ன ஆனார்கள் என்று அரசு பதில் சொல்ல முடியும்.